பலாட்டோ

ஆட வருகிறவர்கள் ஜெயிப்பார்கள், தோற்பார்கள், படகேறிப் போய்விடுவார்கள்.
பந்து அடுக்குகிறவள் நான், இங்கேயே இருப்பேன்.
ஓர்மோக் துறைமுகத்தின் பின்தெரு,
மீன்பெட்டிக் கிடங்குக்கு மேலே மாடி,
ஐந்து மேசை.
நான்கு மணிக்கணக்கு வாடகைக்கு,
ஐந்தாவது பணத்துக்கு.

ஒன்று முன்னால், ஒன்பது நடுவில்,
மற்றவை எங்கே வேண்டுமானாலும்.
சட்டத்தைத் தூக்கும்போது
பந்துக்கும் பந்துக்கும் நடுவே மயிரிழை தெரிந்தால்
என் அம்மாவைத் திட்டுவார்கள்.
தெரியாது.
பதினோரு வருடத்தில் தெரிந்ததில்லை.

அன்று, முதலில் பதினைந்து எடுப்பவனுக்குத்
தொண்ணூறாயிரம் பெசோ.
தாவோவிலிருந்து தியோடுல்போ:
கையுறை, தோல் உறைக்குள் மூன்று கியூ,
பின்னால் நாற்காலி போட்டு ஒரு சிமெண்டு வியாபாரி.
எங்கள் பக்கம் ரொடெலியோ.
சொந்தக் கியூ கிடையாது அவனுக்கு.
சுவரிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் உருட்டுவான்,
வளைவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வான்,
செருப்பைக் கழற்றிவிடுவான்.
அவன்மேல் பாதிப் பணம் ஐஸ் கம்பெனி முதலாளியுடையது,
மீதி ட்ரைசைக்கிள்காரர்கள்
நூறும் இருநூறுமாய்க் கசக்கிக் கொடுத்தது.
முதலாளி தந்த சட்டையைத்தான் போட்டிருந்தான்,
முதுகில் பெரிதாக ஐஸ்கட்டி,
அளவு ஒன்று கூட.

கம்பியில் மணி தள்ளுவதும் என் வேலை.
ஏழு, பதினொன்று.
பத்து, பதினொன்று.
ரொடெலியோ அடிக்கக் குனியும்போதெல்லாம்
அவன் பெண்டாட்டி யாரோடு தக்லோபான் போனாள் என்று
சிமெண்டுக்காரர் சத்தமாக விசாரித்தார்.
அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான், யாரும் தடுப்பதில்லை.
இரவு ஒன்றரைக்கு
இரண்டு கம்பியிலும் பதினான்கு.
சிமெண்டுக்காரரே வாயை மூடிக்கொண்டார்.
கூரைத் தகரத்தில் மழை மட்டும் பேசியது.

தியோடுல்போ உடைத்தான். ஒன்றும் விழவில்லை.
ரொடெலியோ எழுந்தான்.
ஒன்று, இரண்டு, மூன்று,
கடன்காரர் வீட்டைக் கடப்பவன்போல் அவசரமில்லாமல்.
நான்கு. ஐந்து. ஆறு.

ஏழுக்குச் சாய்ந்தான்.
மனம் மாறி எழுந்தான்.
எழும்போது அந்தத் தொளதொளச் சட்டை
வெள்ளைப் பந்தைத் தொட்டது.

உருளக்கூட இல்லை.
அதன் உச்சியில் நீலச் சாக்குப் புள்ளி ஒன்று இருந்தது,
அது இப்போது பக்கவாட்டில் இருந்தது.
அவ்வளவுதான்.

தியோடுல்போ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.
கூட்டத்துக்கு அவன் முதுகும் ஐஸ்கட்டியும்தான் தெரிந்தது.
ரொடெலியோ என்னைப் பார்த்தான்.
சொல்ல வேண்டியவள் நான்.
ஒரே ஒரு சொல், ஃபவுல்,
மீன்முள் மாதிரி நின்றது.
உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.
நான் கம்பியிலிருந்த மணிகளைப் பார்த்தேன்.

ஏழு விழுந்த விழுகைக்கு
தியோடுல்போ கியூவின் அடிக்கட்டையால்
தரையை இரண்டுமுறை தட்டினான்,
நல்ல அடி என்று.
எட்டு.
ஒன்பது விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை,
அதற்குள் ட்ரைசைக்கிள்காரர்கள் மேசைமேல் இருந்தார்கள்.

ஜெயித்தவன் சும்மா போகக்கூடாது,
அதிர்ஷ்டத்தில் ஒரு கிள்ளு
பக்கத்தில் நின்றவர்களுக்கும் தரவேண்டும்.
பலாட்டோ என்போம்.
எனக்கு வழக்கம் ஐந்நூறு.
அன்று சாக்குப்பெட்டிக்கு அடியில்
நாலாக மடித்து மூவாயிரம் இருந்தது.
எண்ணினேன்.
திரும்பவும் எண்ணினேன்.
இரண்டு தகரமும் ஒரு மூட்டை அரிசியும் வாங்கினேன்.
இப்போது வீடு ஒழுகுவதில்லை.

மார்ச்சில் தியோடுல்போ திரும்ப வந்தான்.
வேறு ஆள், வேறு பணம்.
அடுக்க வந்த பையனை நிறுத்தி
என்னைக் காட்டினான்:
"அவள் நிற்கட்டும். அவள் கண் தப்பாது."

ஒன்று முன்னால், ஒன்பது நடுவில்.
சட்டத்தைத் தூக்கினேன், இடைவெளி இல்லை.
வெள்ளைப் பந்தை மட்டும்
கொடுப்பதற்கு முன்
பாவாடையில் இரண்டுமுறை துடைத்தேன்.