பாலையடிக் கிடங்கு

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரம்
ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டை
கிடுகாலும் ஒட்டுப்பலகையாலும் கட்டினார்கள்.

விசுவர் உடையாராக நடிப்பவர்
கொழும்பிலிருந்து வந்தவர், வெயில் ஒத்துக்கொள்ளாதவர்.
மூன்று குளத்து வயலையும் எழுதி வாங்கி,
தம்பியின் பங்கையும் விழுங்கி,
கடைசியில் பொற்காசுக் குடத்தைப்
பாலைமரத்தடியில் புதைக்க வேண்டும்.
ஒன்பது தரம் புதைத்தார்.
"கண்ணில ஆசை காணாது அண்ணை,
இன்னும் வேணும்" என்றான்
டைரக்டர் நிமலேசன்.
வீட்டு உறுதியை ஈடு வைத்துப் படம் எடுப்பவன்.

நான் மண்வெட்டி பிடிக்கிற ஆள்.
படத்திலும் கூலி, படத்துக்கும் கூலி.
நாளுக்கு மூவாயிரம், மத்தியானம் சோற்றுப் பார்சல்.

குடம் பித்தளை. காசு
சோடா மூடி; தட்டையாக்கி மஞ்சள் பூசியது.
நாங்கள்தான் குந்தியிருந்து தட்டினோம்.

விடிய வந்து பார்த்தால்
பாலையைச் சுற்றி நாலு கிடங்கு.
கமெராவுக்கு முழங்கால் ஆழம் காணும்.
இவை ஆளை இறக்கி மூடலாம்.
அறுந்த வேரில் பால் கசிந்து
எறும்பு மொய்த்திருந்தது.

பத்து மணிக்குப் பொலிஸ்.
பின்னேரம், கடிதத்தோடு பெக்கோ.
என்ன படம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
"எந்த இடத்தில?"
அதை மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.

பெக்கோக்காரன் எட்டிப் பார்த்த பார்வையை
நிமலேசன் உடையாருக்குக் காட்டினான்:
"அண்ணை, அதுதான். அப்பிடித்தான்."

இந்தப் பக்கம் நடந்து போனவர்கள்
தையல் மெசினைப் புதைத்தார்கள், நகையைப் புதைத்தார்கள்,
அவசரத்தில் ஆட்களையும்.
எதன்மேல் எது என்று மண்ணுக்கே குழப்பம்.

பொலிஸுக்கு நான் சொல்லவில்லை:
மூன்றாவது கிடங்கு என்னுடையது.
சோடா மூடி என்று தெரிந்துதான்
தோண்டினேன்.