ஒன்றே கால் அங்குலம்

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி உறைந்து கிடக்கிறது.
சுவர்களை உரித்துப்போட்ட அறையில்
கோட்டைக் கழற்றாமல் நிற்கிறார் ஆர்ரின் டோலஃப்சன்,
மின் ஆய்வாளர்.
காபி வேண்டாம் என்றுவிட்டார்.
டார்ச்சும் டேப்பும் போதும் அவருக்கு.

மரச்சட்டம் மரச்சட்டமாகப் போகிறார்.
துளைக்கும் சட்டத்தின் விளிம்புக்கும் நடுவே
ஒன்றே கால் அங்குலம் வேண்டும்.
குறைந்தால் இரும்புத் தகடு.
பெட்டியிலிருந்து எட்டு அங்குலத்துக்குள் ஒரு ஸ்டேப்பிள்,
பிறகு நாலரை அடிக்குள் இன்னொன்று,
அதையும் கேபிளின் தோல் நசுங்காமல் அடிக்க வேண்டும்.
பெட்டிக்குள் கம்பி ஆறு அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும்.

"எதுக்கு அவ்வளவு? மடக்கித்தானே திணிக்கிறேன்?"
"அடுத்துத் திறக்கிறவங்களுக்கும் கை இருக்குமே."

லைலுக்கு இதெல்லாம் தோன்றியதில்லை.
அவன் போன பிறகு சுவரை உடைத்துத்தான் கண்டுபிடித்தேன்:
பெட்டி இல்லை, மூடி இல்லை,
எதையோ எதனோடோ முறுக்கி, டேப் சுற்றி,
மேலே பூசி மெழுகி, பெயிண்டும் அடித்திருந்தான்.
பதினோரு வருஷம்
அதன் மேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன்.
இணைப்பு எதையும் சுவரில் புதைக்கக் கூடாது,
கை எட்டும் இடத்தில், திறக்கிற மாதிரி இருக்கணும்,
அதுவும் விதிதான் என்றார் டோலஃப்சன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதாவது சட்டத்தில் டேப் நின்றது.
முக்கால் அங்குலம்.

"அரை அங்குலக் குறைச்சல்தானே? நான் தனி ஆள்.
இங்கே யார் வந்து ஆணி அடிக்கப்போறாங்க?"
"யாராவது."
சிவப்புச் சீட்டில் எழுதினார்:
மார்லிஸ் டூமினென். வீட்டுக்காரர். சொந்த வேலை. தேறவில்லை.

தகடு ஒரு டாலர்கூட இல்லை.
கடைக்குப் போய்வந்த பனிதான் முழங்கால் வரை.
அவர் மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து
நாலே அடியில் இறக்கினேன்.
வியாழக்கிழமை பச்சைச் சீட்டு.
பலகை மூடி, வெளிர் மஞ்சள் பூசி,
சுவர் மறுபடியும் சுவர் ஆனது.

மூன்று வருஷம் கழித்து, டிசம்பர் கடைசி ராத்திரி,
புது நாட்காட்டியை மாட்ட சுத்தியல் எடுத்தேன்.
முதல் அடிக்கு ஆணி வெண்ணெயில் போல இறங்கியது.
இரண்டாவது அடிக்குச் சத்தம் மாறியது.
மூன்றாவதுக்கு வளைந்தே விட்டது.
கட்டைவிரல் வழியாகத் தோள் வரை ஓர் அதிர்வு,
அவ்வளவுதான்.
விளக்கு சிமிட்டக்கூட இல்லை.

அந்த யாராவது
ராத்திரி உடுப்பில், ஈரத்தலையோடு,
வளைந்த ஆணியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

ஒரு சாண் மேலே மாட்டினேன்.
இப்போது தேதி பார்க்க
எக்க வேண்டியிருக்கிறது.