ஈரக் குச்சி

உள்ளங்கைக்கு எண்ணத் தெரியும்.
ஒரு பிடி அள்ளினால் நாற்பத்தெட்டு,
விரலைச் சற்றுத் தளர்த்தினால் ஐம்பது.
பதினேழு வருடமாகக்
குடியாத்தத்தில் உட்கார்ந்து
நெருப்பைப் பெட்டியில் படுக்கவைத்து மூடுகிறேன்.
ஒன்றும் விழிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.
அதற்குத்தான் கூலி.

அவர் போன பிறகு
நானும் அப்படித்தான் படுத்தேன்,
தலைமாடு கால்மாடு தெரியாமல்.
வைகாசி முதல் நாள்
கெங்கையம்மன் சிரசு தெருவில் வரும்.
வெறும் தலை.
கோயிலில் காத்திருக்கும் உடம்பில் பொருந்தும்வரை
தேங்காய்ச் சிதறலுக்கு நடுவே
தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.
நான் சன்னலைத் திறந்ததில்லை.
மருந்தில் முக்காத குச்சிக்கு
அம்மன் எதற்கு?

இந்த ஐப்பசியில் மழை நிற்கவேயில்லை.
கௌண்டன்யா ஆற்றில்,
நாங்கள் குப்பை கொட்டி லாரி கழுவும் ஆற்றில்,
தண்ணீர் பாலத்தைத் தொட்டது.
குச்சி காயவில்லை. கம்பெனியைப் பூட்டினார்கள்.
பதினோரு நாள்.
கூலி கேட்டதற்கு
"வெயிலைப் போய்க் கேளு" என்றார் மேஸ்திரி.

பசை காய்ச்சும் கன்னியப்பன்
அன்றிரவு கதவைத் தட்டினான்.
சட்டைக்குள் கவர், கவருக்குள் ஒரு தாள்.
"பூட்ன நாளுக்குப் பாதிக் கூலியாவது
குடுக்கச் சொல்லி எழுதிக்கீறோம்.
அம்பத்தாறு பேரு போட்டாச்சி. நீ போடறியா?"

கரண்ட் போய் இரண்டு நாள்.
அவன் செல்போனும் செத்திருந்தது.
சிலிண்டர் தீர்ந்ததை நான் சொல்லவில்லை.
"இன்னா நவநீதம்,
நெருப்புப் பொட்டி கம்பெனிக்காரி வூட்ல
நெருப்புப் பொட்டி இல்லியா?"
சிரித்தான்.
இருட்டில் ஒருத்தர் சிரித்துக் கேட்டு
எத்தனை வருடம்.

இருந்தது. கழித்துப்போட்டவை,
முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவை.
உரசினேன். மருந்து சேறாய் இழுபட்டது.
இன்னொன்று. தலை உருண்டு எங்கோ விழுந்தது.
இன்னொன்று.
"வுடு, காலைல வரேன்" என்றான்.
போகவில்லை.
"இரு" என்றேன்.
அந்தச் சொல் அதுவரை எங்கே இருந்ததோ.

ஒரு குச்சியைக் காதுக்குப் பின்னால்
முடிக்குள் சொருகிவைத்தேன்,
தலைச்சூட்டில் காயட்டும் என்று.
அது காயும்வரை பேசினோம்:
பசை பொங்கிவரும் பதம்,
பேரணாம்பட்டு பஸ் எங்கே மாட்டிக்கொண்டது,
அவன் வீட்டிலும் ஒரு தட்டுதான் கழுவப்படுகிறது என்பது.
மழை இரண்டு தரம் விட்டு
இரண்டு தரம் பிடித்தது.

எடுத்து உரசினேன்.
சீறியது.
எங்களுக்குப் பழக்கமில்லாத சத்தம்.
எங்கள் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறதே.

ஐம்பத்தாறு பெயர்கள் தெரிந்தன.
மெஹருன்னிசா உருதுவில் போட்டிருந்தாள்.
செல்லியம்மா, கட்டைவிரல்.
இடது கையில் குச்சி, வலது கையில் பேனா.
'நீ'க்குச் சுழி போடுவதற்குள் பாதி கரிந்துவிட்டது.
எழுதி முடித்ததும் ஊதியிருக்கலாம்.
நிமிர்ந்தேன்.
அவன் புருவத்தருகே பசை தெறித்த பழைய தழும்பு.
அதை முழுசாய்ப் பார்த்து முடிக்கும்வரை
சுட்டும் விரலை விடவில்லை.

கூலி வருமா தெரியாது.
தாளை வாங்கி மேசைக்குள் போட்டார்கள்,
அவ்வளவுதான் இதுவரை.
கம்பெனி திறந்த அன்று
என் கை முதல்முறையாகக் கணக்குத் தப்பியது:
ஒரு பெட்டியில் ஐம்பத்தொன்று.
மேஸ்திரி திட்டினார்.
கட்டைவிரலில் கொப்புளம்.
நான் உடைக்கவில்லை அதை.

வைகாசிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.
சன்னல் கொக்கி துருவேறிக் கிடக்கிறது,
எண்ணெய் விடவேண்டும்.