காலி வண்டியின் எடை

புதன்கிழமைக்கு ஆறு கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது.
ஆறு.
மூக்கனேரிக் கரையில்
வியர்ப்பதற்குள் தீர்ந்துவிடுகிற தூரம்.

மூன்று வாரத்துக்கு முன்
அடிவாரத்தில் இருட்டோடு கிளம்பி
ஏற்காட்டு மலையின் பத்தாவது கொண்டை ஊசி வரை
ஏறி இறங்கிய கால்கள் இவை.
இப்போது மாடிப்படியிலும் யோசித்து வைக்கிறேன்,
பாத்திரக்கடைக்குள் நுழைந்தவள் மாதிரி.

நேற்றுவரை இல்லாத ஒரு வலி
இடது குதிகாலில் குடிவந்திருக்கிறது,
முன்பணம்கூடக் கொடுக்காமல்.
தொண்டை கரகரக்கிறது. பிறகு இல்லை.
முழங்கால் ஏதோ சொல்ல வந்து மறந்துவிடுகிறது.
ராத்திரி பதினோரு மணிக்கு பர்கத்நிஷாவுக்குப் போன் போட்டேன்.
ஜி.எச்.சில் எலும்பு வார்டு நர்ஸ்,
ஞாயிறு அவளும் ஓடுகிறாள்.
"எனக்கு இடுப்பு" என்றாள்.
"நேத்து கணுக்கால். நாளைக்கு எங்கேன்னு தெரியல.
தூங்குடி."

கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல் மகள் சொல்கிறாள்:
நீ ஓடாத நாள்லதாம்மா எங்களத் திட்டுற.

மல்லூர்ப் பக்கம் சேகோ பேக்டரியில்
எடைமேடை என் வேலை.
குச்சிக்கிழங்கோடு வரும் லாரியை ஒரு தடவை நிறுப்பேன்,
கொட்டிவிட்டு வந்ததும் இன்னொரு தடவை.
காலி வண்டி மேடை ஏறியதும்
பெட்டிக்குள் சிவப்பு எண்கள் நடுங்கும்.
பாரத்தோடு வந்தபோதுகூட
அப்படி நடுங்கியிருக்காது.
நின்ற பிறகுதான் சீட்டு எழுத வேண்டும்.
டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.
பதினோரு வருஷமாக அவர்களுக்கு நான் சொல்லும்
ஒரே வார்த்தை: இருங்க.

வியாழன் மத்தியானம் அதைச் சொல்லும்போது
என் காதிலும் விழுந்தது.

பிப் வாங்கப் போனால்
தங்காயி என்பதைத் தங்கை என்று அடித்திருந்தார்கள்.
பெயரிலும் ஓர் எழுத்தைக் குறைத்துவிட்டார்களே
என்று சிரித்தேன்; கவுன்டர் பையனுக்குப் புரியவில்லை.
மாத்தித் தரவா அக்கா என்றான்.
வேண்டாம்பா, இந்த வாரம் எல்லாமே குறையத்தான் வேண்டும்.
சோறு மட்டும் கூடுகிறது.
காலை சோறு, மதியம் சோறு,
சாயங்காலம் தட்டுவடை செட் கடையைத்
தலை திருப்பாமல் தாண்டிவந்து
மறுபடி சோறு.

போன வருஷம் முப்பத்துநாலாவது கிலோமீட்டரில்
சீலநாயக்கன்பட்டிப் பாலத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.
யாரும் தடுக்கவில்லை. கால் பிசகவில்லை.
உட்காரலாம் என்று ஒரு குரல் கேட்டது,
என் குரல்தான்.

அதனால் இந்த வாரம் படுத்த இடத்திலேயே
பாலத்தைக் கடந்து பழகுகிறேன்.
மின்விசிறி சுற்றுகிறது. கண்ணை மூடுகிறேன்.
முப்பத்துமூன்று, பெட்ரோல் பங்க்,
டயர் கடை, நிழல், பாலம், வெயில்.
ஏழு தடவை நன்றாகவே கடந்தேன்.
எட்டாவது தடவை
தூணில் சாய்ந்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்,
என் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு.
அவளைத் திட்டலாம் என்றுதான் நெருங்கினேன்.
தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.
அவள் குடித்துக்கொண்டிருக்கும்போதே
ஓடிவிட்டேன்.

சனிக்கிழமை அரை நாள்.
கடைசி லாரி போன பிறகு
காவலாளி செங்கோடன் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து
செருப்பைக் கழற்றிவிட்டு
நானே மேடையில் ஏறினேன்.
தார் வெயிலில் இரும்பு சுட்டது.
சாய்ந்து ஜன்னல் வழியே பெட்டியைப் பார்த்தேன்.
டன் கணக்கில் நிறுக்கிற மேடைக்குப்
பத்து கிலோவுக்குக் குறைந்து எதுவும் தெரியாது.
ஐம்பது என்றது.
அறுபது என்றது.
மறுபடி ஐம்பது.

தூரத்தில் சேர்வராயன் மலைமேல்
ஒரு மேகம் இறங்குவதா வேண்டாமா என்று நின்றது.
குதிகால் வலிக்கவில்லை,
அல்லது கவனிக்கவில்லை.

அறுபது. ஐம்பது.
இரு என்றேன்.

நான்கு ஊக்கில் ஒன்றைக் காணோம்,
வீட்டுக்குப் போய்த் தேட வேண்டும்.