நீலத்தில் ஒரு குண்டூசி

வரைபடத்தில் எங்கள் வீடு
கடலுக்குள் இருக்கிறது.
முட்டம் கலங்கரை விளக்கிலிருந்து
ஒரு விரல் தள்ளி, வெறும் நீலத்தின் மேல்
சிவப்பாய் ஒரு குண்டூசி.
இடம் குறிக்கும்போது
ஆன்றோவின் பெருவிரல் வழுக்கிவிட்டதாம்.
விரலில் அப்போது மீன்கறி இருந்தது.

திருத்தச் சொல்லி நாலுமுறை எழுதினேன்.
"தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."
தாலுகா ஆபீசிலும் இதே வாக்கியம்தான்.
அங்கே கோபப்பட
ஒரு முகமாவது இருக்கும்.

மதுரைக்காரர் ஒருவர்
ஐஸ் ஆலை வாசலில் நின்று போன் செய்தார்.
"இதுக்கு மேல கார் போகாதும்மா.
இன்னும் இருநூறு மீட்டர் காட்டுதே?"
"வள்ளம் வேணும்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பின்சீட்டில் பிள்ளைகள் அழும் சத்தம்.
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு
ஸ்கூட்டியில் போய்
முன்னால் ஓட்டிக் கூட்டிவந்தேன்.

இருப்பது மாடியில் இரண்டு அறை.
படம் எடுத்ததும் ஆன்றோதான்.
அவன் லென்ஸில் கட்டில்
களியக்காவிளை வரை நீண்டு கிடந்தது.
"கடல் தெரியும் அறைன்னு போடு மைனி" என்றான்.
தெரியும், பொய்யில்லை.
குளியலறையில் வாளியைக் கவிழ்த்து
மேலே ஏறி நின்றால்
ஞானப்பிரகாசம் வீட்டுத் தண்ணித்தொட்டிக்கும்
கோயில் மைக்குக்கும் நடுவே
ஒரு முழம் கடல்.
நான் 'கடல் கேட்கும் அறை' என்று எழுதினேன்.
எழுத்துப்பிழை என்று நினைத்து
அவன் அதைத் திருத்திவிட்டான்.

மூன்று நட்சத்திரம் போட்ட ஒருவர் எழுதினார்:
விடியற்காலை மைக்கில் பாட்டு.
தெரு முழுக்க மீன் வாடை.
'மீன் வாடை இல்லாத நாளில்
இங்கே அடுப்பு எரியாது ஐயா'
என்று அடித்து, அழித்து,
'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று அனுப்பினேன்.
வலையை உதறிக்கொண்டே கேட்டார் ததேயுஸ்:
"பாட்டுக்கு ஒண்ணு, வாடைக்கு ஒண்ணா கொறச்சான்?"

ஜூனில் தடைக்காலம்.
கரையில் படகுகள், வீட்டில் ததேயுஸ்,
மாடியில் இரண்டு காலி அறைகள்.
பாதி விலைக்குப் போட்டும்
ஒருவரும் வரவில்லை.
சாரல் மட்டும் தினமும் வந்து
புதுப் போர்வையில் பூஞ்சை பிடித்தது.

அப்போதுதான் வந்தாள்
ஈரோட்டிலிருந்து ஒருத்தி, தனியாக.
ஆதாரில் பூங்கோதை.
வடசேரியில் பஸ் ஏறி
முக்கில் இறங்கி
"மேல ஆள் தங்குற வீடு எது?" என்று
பெட்டிக்கடையில் கேட்டாளாம்.
மூன்று பேர் ஒன்றாகக் கை நீட்டினார்களாம்.

வந்தவள் பாறைக்குப் போகவில்லை.
திற்பரப்புக்கு ஆட்டோ கேட்கவில்லை.
காலையில் வைத்த புட்டும் பயறும் மட்டிப்பழமும்
மதியம்வரை கதவருகிலேயே இருந்தன.
எனக்கு வெப்ராளமாகிவிட்டது.
காதை வைத்துக் கேட்டேன்:
கடல், நடுவில் குறட்டை.
மறுநாள் ஞாயிறு.
மைக் மூன்று பூசைக்கும் பேசியது.
அவள் அசையவில்லை.

மூன்றாம் நாள் இறங்கிவந்து
எட்டு ஆப்பம் தின்றாள்.
நான் எதுவும் கேட்கவில்லை.
பாக்கியைச் சில்லறைவரை எண்ணிக் கொடுத்துவிட்டு
பஸ் ஏறினாள்.

பத்து நாள் கழித்து
ஐந்து நட்சத்திரமும்
ஒரே ஒரு சொல்லும் வந்தது:
'தூங்கினேன்.'

"இதவச்சு என்ன செய்ய?" என்றான் ஆன்றோ.
"படமில்ல. கடல்னு ஒரு வார்த்தையில்ல."
வசதிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன்.
வைஃபை உண்டு, வெந்நீர் உண்டு,
ஹேர் டிரையருக்குக்கூடக் கட்டம் உண்டு.
தூக்கத்துக்கு இல்லை.

ஆகஸ்டில் படகுகள் இறங்கின.
ராத்திரி ரெண்டு மணிக்கு
ததேயுஸிடமிருந்து போன்.
பின்னால் எஞ்சின் இரைச்சல்.
"பிள்ளே, போன் சொல்லுது,
நான் வீட்டுக்கு வந்துட்டேனாம்.
ஒனக்க லாட்ஜுக்கு நேர் மேலதான் நிக்கேன்.
மாடி லைட்டப் போடு, தெரியுதான்னு பாப்போம்."

போட்டேன்.
இரண்டு அறையிலும்.