நீர்மோருக்குக் கப் வாங்கப் போனவன்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
நூலக மாடியில் அறிவியல் பேச்சு.
எண்பது நாற்காலி போடச் சொல்வார்கள்.
வருவது இருபத்து மூன்று பேர்,
மழை என்றால் ஒன்பது.
அதில் இரண்டு பேர் ஏ.சி.க்கு,
ஒருவர் மசால்வடைக்கு.
நான் மைக் செட்.

பின்சுவரில் சாய்ந்தபடி
கருந்துளை கேட்டிருக்கிறேன்,
எறும்பு வழி மறக்காத விதம்,
கூவத்தில் இன்னும் உயிரோடிருக்கிற ஏதோ ஒன்று
(பெயர் சொன்னபோது பார்த்து மைக் கத்தியது).
பாதி புரியும்.
மீதியை வயர் சுற்றும்போது யோசிப்பேன்.
கேள்வி நேரத்தில் வரிசை வரிசையாக
மைக்கைக் கொண்டுபோவது என் வேலை.
தணிகாசலம் சார் வாங்கினால் திரும்பி வராது.
"கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்பார்.
முப்பத்தாறு வருடம் ஐ.சி.எஃப்.பில்
ரயில் பெட்டிக்குச் சக்கரம் பார்த்தவர்.
எதைப் பற்றிய கருத்தும்
சக்கரத்தில்தான் போய் நிற்கும்.

சித்திரையில் வெளியே கூட்டிப்போனார்கள்.
பெரம்பூரில் ஒரு மாநகராட்சிப் பள்ளி மைதானம்.
நிழலில்லா நாள்.
சூரியன் நேர் உச்சிக்கு வரும்,
செங்குத்தாய் நிற்கிற எதற்கும் நிழல் விழாது,
நம் ஊருக்கு வருடத்தில் இரண்டே முறை,
இன்றைக்குப் பன்னிரண்டு ஏழுக்கு
என்றார் ஹெப்சிபா மேடம், என் மைக்கில்.
பிள்ளைகள் பாட்டில் நட்டார்கள், பைப் நட்டார்கள்,
ஒருத்தன் வீட்டிலிருந்து
குக்கர் மூடியின் வெயிட்டைக் கொண்டுவந்திருந்தான்.
நோட்டும் ஸ்கேலுமாக நிலோஃபர்,
ஒன்பதாம் வகுப்பு,
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
குறைகிற நிழலை அளந்துகொண்டிருந்தாள்.

பதினொன்று ஐம்பதுக்கு
"தேசிங்கு, நீர்மோருக்குக் கப் இல்லையே" என்றார்கள்.

கடையில் சில்லறை இல்லை.
எதிர்க்கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு
ஐம்பது கப் அடுக்கோடு தெருவுக்கு வந்தேன்.
ஏதோ குறைந்தது.
சட்டென்று பிடிபடவில்லை,
மின்விசிறி நின்ற அறை மாதிரி.
பிறகு பார்த்தேன்:
மின்கம்பத்துக்கு நிழலில்லை.
நோ பார்க்கிங் கம்பிக்கு இல்லை.
சாப்பாட்டுப் பையோடு விலாசம் தேடி நின்ற பையனின் நிழல்
அவன் ஷூவுக்கடியில் ஒடுங்கிவிட்டிருந்தது.
கப் அடுக்கைத் தார்மேல் நிறுத்தினேன்.
சுற்றி வந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.
பாக்கெட்டில் போன் அதிர்ந்தது, விட்டுவிட்டேன்.
ஒரு ஆட்டோ
என்னை என்ன ஜென்மம் என்பது போல் பார்த்து
ஒதுங்கிப்போனது.

மைதானத்தில் யாரும் பேசவில்லை.
சித்திரை வானத்தில் எங்கிருந்தோ
உள்ளங்கையகலம் ஒரு மேகம் வந்து
சரியாகப் பள்ளிக்கூடத்தின் மேல் நின்றிருக்கிறது.
பன்னிரண்டு மூன்றிலிருந்து பன்னிரண்டு இருபது வரை.
அதனடியில் எல்லோரும் நிழலில்லாதவர்கள்தான்,
ஆனால் அது கணக்கில் வராதாம்.
விலகியபோது பாட்டிலுக்குக் கிழக்கே
சுண்டுவிரல் நகமளவு முளைத்திருந்தது.
"போன் பண்ணேன், எடுக்கலியே"
என்றார் தணிகாசலம் சார்.
மோர் ஊற்றினேன்.

நிலோஃபரின் கப்பை நிரப்பும்போது சொன்னேன்:
"அடுத்த தெருவுல விழல."
"என்ன விழல?"
"நிழல்."
"டைம் பாத்தீங்களா அண்ணா?"
வாட்ச் கட்டுகிற பழக்கம் எனக்கில்லை.
கொஞ்சம் யோசித்துப் போனை எடுத்துக் காட்டினேன்.
தணிகாசலம் ஐ.சி.எஃப்.
தவறிய அழைப்பு.
12:07.

அவள் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்தாள்.
தேதி, இடம், பொருள்: பேப்பர் கப் ஐம்பது.
பார்த்தவர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து
என் முகத்தைப் பார்த்தாள்.
"தேசிங்கு" என்றேன். "ரெண்டாவது எழுத்து சி."

எழுதி முடிக்கட்டும் என்று நின்று,
"கம்பத்துக்கு இல்ல, சரி.
மேல ஓடுற ஒயருக்கு மட்டும்
ரோட்டுல கோடு கோடா இருந்துச்சே,
அது ஏன்?" என்றேன்.

பத்துப் பேர் திரும்பினார்கள்.
ஹெப்சிபா மேடம் மோரை வைத்துவிட்டு
மைக்குக்குக் கை நீட்டினார்.

அதை அப்போதுதான்
சுற்றிப் பெட்டியில் போட்டிருந்தேன்.