முதன்மை விண்ணப்பதாரர்

திபிலிசியில், ஒன்பதாம் மாடியில்,
சமையல் மேசை முழுக்க ஜெர்மனி.
நெஸ்தான் வாசிக்கிறாள், நான் ரொட்டியைப் பிய்க்கிறேன்.

நீல அட்டைக்குப் பட்டம் வேண்டும்,
அவர்கள் சொல்லும் சம்பளத்துக்கு ஒரு வேலையும்.
திறன்பணியாளர் விசாவுக்குத் தொழிற்சான்றிதழ்.
நான் படித்த பள்ளி ஒரு குளிர்காலத்தில் எரிந்தது,
பதிவேடுகளோடு.
வேலை தேடிப் போகும் அட்டையில்
வயதுக்குப் புள்ளி உண்டாம், மொழிக்கும் உண்டாம்.
எனக்கு ஐம்பத்தொன்று. தெரிந்த ஜெர்மன் 'நன்றி'.

காசு போட்டால்தான் மேலேறும்
இந்த ஊர் லிஃப்டுகள் பாதி
என் கைபட்டுத்தான் ஓடுகின்றன.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"குராம்," என்றாள், தாளிலிருந்து விரலை எடுக்காமல்,
"வேதியியல் பட்டம் என்னிடம் இருக்கிறதே."

இருக்கிறது.
பதினெட்டு வருடமாய் அவள் மருந்துக்கடையில் சில்லறை எண்ண,
அது அலமாரியில், கம்பளிகளுக்கு அடியில்.
நான்தான் வைத்தேன். கசங்காமல் இருக்கட்டும் என்று.

முதன்மை விண்ணப்பதாரர்: அவள்.
உடன் வருபவர்: நான்.
கட்டம் சின்னது,
என் குடும்பப்பெயர் கோட்டைத் தாண்டி வழிகிறது.

கதவு தட்டுகிறார்கள்.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றுவிட்டதாம்,
உள்ளே ஒரு பையனும் ஒரு தர்பூசணியும்.
டார்ச்சை எடுக்கிறேன்.

"உடன் வருபவரின் தொழில் என்று ஒரு கேள்வி," என்கிறாள்,
"என்ன போட?"

படிக்கட்டில் விளக்கில்லை.
இரு,
பையனை இறக்கிவிட்டு வந்து சொல்கிறேன்.